விளக்குமாற்றுப் பாட்டு

நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சாங்குக் இரண்டு கிம்பாப் சோற்றுச் சுருளும் ஒரு குவளை மீன்கேக் சூப்பும் வாங்கி வந்தான். சூப்பை மான்சோக்கிடம் நீட்டினான். கிம்பாப் அவருக்குத் தொண்டையில் இறங்காது என்று தெரியும். இருந்தும் ஒன்று மட்டும் வாங்க மனம் வரவில்லை போலிருக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டையும் அவனே தின்றான்.

"பேசாதீங்க அண்ணே. மேடைக்கு மிச்சம் வைங்க."

மான்சோக் பேசாமல்தான் இருந்தார். செவ்வாய்க்கிழமை சியோலில் அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுக்க எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியே மூச்சு விட வேண்டும். பேசுவதற்கு ஒரு கருவி இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாடுவதற்கு என்று கேட்டது சாங்குக்தான். டாக்டர் திரும்பிக் கணினித் திரையைப் பார்த்தார். அதற்கு முன் ஒரு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறேன், பாடலாமா என்று மான்சோக் கேட்டார். பாடினாலும் பாடாவிட்டாலும் எடுக்கத்தானே போகிறோம் என்றார் டாக்டர்.

ஹேவோன் மாவட்டத்து இறால் திருவிழா. ஒரு ராக் பாடகனின் கடைசி மேடை அதுவாக இருப்பதில் மான்சோக்குக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பத்து இருபது வருஷமாக அவருடைய மேடைகள் அப்படிப்பட்டவைதான். பூண்டுத் திருவிழா, கணவாய்த் திருவிழா, புதிய பாலம் திறப்பு. தோ மான்சோக் என்ற பெயரை அறிவிப்பாளர் சொன்னதும் கூட்டம் கேட்பது ஒரே பாட்டு. அதைப் பாடிவிட்டு, சோறு தின்றுவிட்டு, வீடு திரும்புவார்.

அந்தப் பாட்டின் உண்மைப் பெயர் 'விடியும் தெரு'. மக்கள் வைத்த பெயர் விளக்குமாற்றுப் பாட்டு.

அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் உத்தரவு ஒன்று இருந்தது. எந்த இசைத்தட்டு வந்தாலும் கடைசியில் ஒரு நல்லொழுக்கப் பாட்டு இருக்க வேண்டும். காதலித்து, ஏமாந்து, குடித்து அழுது, கிட்டாரை அலறவிட்டு எல்லாம் முடித்த பிறகு, இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நாட்டுக்காக உழைப்போம் வாருங்கள் என்று பாட வேண்டும். மற்ற குழுக்கள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பாடகர் குழுவின் ஒலிப்பதிவை ஒட்டிவிட்டுத் தப்பித்தன. மான்சோக் பாடிய 'இரும்புக் கொக்கு' குழுவின் கம்பெனி முதலாளிக்கு அதிகாரிகளைக் குளிர்விக்கும் ஆசை இருந்தது. புதிதாக ஒன்றை எழுதி வாங்கி, மான்சோக்கையே பாடச் சொன்னார்.

விடியும் தெருவில் வா வா தோழா, விளக்குமாறும் கையுமாய் வா வா தோழா.

குழுவில் யாரும் அதற்கு வாசிக்க மாட்டோம் என்றார்கள். கிட்டார் வாசித்த சாங்குக் அப்போது மெலிந்த, முடி நீண்ட, கோபக்காரப் பையன். நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு சோஜு குடிக்கப் போய்விட்டான். பாடாவிட்டால் தட்டே வெளிவராது. மான்சோக் மட்டும் நின்றார். கம்பெனி வாசிப்பாளர்கள் வந்தார்கள், வாசித்தார்கள், போனார்கள்.

சாயங்காலம் இன்சுன் அவருடைய கழுத்துத்துணியைக் கொடுக்க வந்தாள். கல்யாணம் ஆகி அது முதல் வருஷம். நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தாள். நாளெல்லாம் வாசலில் நின்று நிறுத்தங்களின் பெயரைக் கூவும் வேலை. பாட்டின் இரண்டாம் சரணத்தில் 'நம் தெரு, நம் தெரு' என்று ஒரு பெண் குரல் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு ஆள் வைக்கக் கம்பெனி தயாராக இல்லை. ஒலிப்பதிவாளர் கிழவர் அவளைப் பார்த்து, நீயே பாடிடும்மா, ரெண்டு வார்த்தைதானே என்றார். சீருடையோடு மைக்கின் முன் போய் நின்றாள். அவளுக்குத் தாளம் தெரியாது. ஒவ்வொரு முறையும் அரைத் தட்டு பிந்தித்தான் எடுத்தாள். நிறுத்தத்தின் பெயரைக் கூவுவதுபோலவே கூவினாள். கடைசித் தடவை முடிந்ததும் சிரிப்பை அடக்க மூச்சை உள்ளே இழுத்தாள். அதுவும் பதிவாகிவிட்டது. கிழவர் போதும் என்று விளக்கை அணைத்தார்.

வெளியே வந்ததும், இதை யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சொன்னார் மான்சோக். குழுவுக்குத் தெரிந்தால் அவளையும் சேர்த்துக் கேலி செய்வார்கள். அவளுக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் அவர்கள் பூசானில் ஓர் இரவு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சியோலில் இன்சுன் இருந்த அறையில் தரைக்கடியில் சூட்டுக்காகக் கரிக்கட்டி எரிந்தது. தரையில் இருந்த விரிசல் பாய்க்குக் கீழே யாருக்கும் தெரியவில்லை. நச்சுப்புகை அதன் வழியே வந்தது. குளிர் வரக் கூடாதென்று ஜன்னல் இடுக்குகளில் அவளே செய்தித்தாளைத் திணித்திருந்தாள். அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு குளிர்காலமும் அப்படிப் பலர் செத்தார்கள். அவளும் செத்தாள்.

தட்டு மார்ச்சில் வந்தது. விமர்சகர்கள் 'ஜன்னலைத் திறக்காதே' என்ற மெதுவான பாட்டைப் புகழ்ந்தார்கள். இன்றைக்கும் சிறந்த பாடல்களின் பட்டியல் போட்டால் அது இருக்கும். இன்சுனோடு குடியேறிய முதல் மாதம் எழுதிய காதல் பாட்டு அது. வெளியே பனி, ஜன்னலைத் திறக்காதே என்று ஆரம்பிக்கும். அண்ணி பாட்டு என்று சாங்குக் அதைச் சொல்வான். ஜன்னல் அடைத்த அறையில் அவள் செத்த பிறகு அந்தப் பாட்டு தனக்கு என்ன ஆயிற்று என்று மான்சோக் அவனிடம் சொன்னதில்லை. கேட்டபோதெல்லாம் பாடினார். பாடும்போது வேறு எதையாவது நினைத்துக்கொள்வார். வண்டியின் டயர், வாடகை, மழை.

ஆனால் விமர்சகர்கள் புகழ்ந்ததை நாடு கேட்கவில்லை. நாடு கடைசிப் பாட்டைக் கேட்டது. பள்ளிக்கூடங்கள் காலையில் அதைப் போட்டன. கிராமத்து ஒலிபெருக்கிகள் போட்டன. குப்பை வண்டிகள் அந்த மெட்டோடு தெருத்தெருவாக வந்தன. மான்சோக் பேட்டிகளில் அதை வைதார். அது பாட்டு இல்லை, நகராட்சி அறிவிப்பு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வசவு அவருக்கு ஒரு பூட்டு மாதிரி ஆயிற்று. வைகிற பொருளுக்குள் ஒருவன் எதையும் ஒளித்துவைத்திருப்பான் என்று யாரும் தேட மாட்டார்கள். அதில் இருப்பது அவள் குரல் என்று சொன்னால் தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள். அவளுடைய படத்தைக் கேட்பார்கள். பிறகு அது அவர்களுடையதாகிவிடும்.

அவள் இறந்த சில வாரங்களில் ஒலிப்பதிவாளர் கிழவர் மான்சோக்கைக் கூப்பிட்டு ஒரு நாடாச் சுருளைக் கொடுத்திருந்தார். மான்சோக்கின் குரலை நீக்கிவிட்டு, இசையையும் அவளுடைய குரலையும் மட்டும் வைத்த டிராக். தட்டில் அவர் குரல் அவளை மூடியிருக்கும். இதில் அவள் தெளிவாக இருந்தாள். அதிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து குறுந்தகடு, அதிலிருந்து பென் டிரைவ். யார் என்ன இசை வைத்திருந்தாலும் அவர் தன்னுடைய டிராக்கைத்தான் போடச் சொல்வார். பிடிவாதக்காரக் கிழவன் என்பார்கள், போடுவார்கள். மேடையில் பாடகனின் காலடியில் அவனுக்கென்று ஒரு ஸ்பீக்கர் வைப்பார்கள், மானிட்டர். இரண்டாம் சரணத்தில் அவர் தன் வரியைப் பாடிவிட்டு நிற்பார். அரைத் தட்டு பிந்தி, காலடியிலிருந்து அவள் வருவாள். நம் தெரு, நம் தெரு. அதன் மேல் அவர் அடுத்த வரியை எடுப்பார்.

வீட்டில் தனியாகக் கேட்டிருக்கலாம். ஒரு முறை கேட்டார். கேட்பது வேறு, கூடப் பாடுவது வேறு. சுவர் மெலிந்த அந்தக் கீழ்த்தளத்து வீட்டில் வாய்விட்டுப் பாடவும் முடியாது.

இன்று அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமைக்கு முன் ஒரு முறை அவளோடு பாட வேண்டும். மிச்சமிருக்கும் குரல் ஒரு பாட்டுக்குக் காணும்.

*

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாகன நிறுத்தத்தைக் காலி செய்து மேடை போட்டிருந்தார்கள். வலைகளின் வாடையும் உப்பில் இறால் சுடும் வாடையும் சேர்ந்து வந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏற்கனவே பாதி நிறைந்துவிட்டது. எல்லார் கையிலும் குலுக்கல் சீட்டு. முதல் பரிசு கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃப்ரிட்ஜ், மேடையின் ஓரத்தில் ரிப்பன் கட்டி நின்றது. கூட்டத்தில் பாதிப்பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாவட்ட அலுவலகத்துப் பண்பாட்டுப் பிரிவிலிருந்து ஓக் சேரின் என்ற பெண் வந்து இடுப்பு வளைய வணங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் விளையாட்டுக் காலணி. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. ஐயாவைப் பார்த்தது தன் பாக்கியம் என்றாள். நிகழ்ச்சி நேரம் சுருங்கிவிட்டது, ஆளுக்கு ஒரு பாட்டுதான், மன்னிக்க வேண்டும் என்றாள். மான்சோக் தலையசைத்தார். ஒன்று போதும்.

"எந்தப் பாட்டுன்னு நீங்க கவலப்பட வேணாம்யா," என்றாள் சேரின். "சாங்குக் சார் போன வாரமே பேசிட்டாரு. ஜன்னல் பாட்டுதான்."

மான்சோக் சாங்குக்கைப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு.

அவன் இரண்டு முறை இந்த ஊருக்கு வந்து போயிருக்கிறான். இப்போது நடத்தும் கோழிக்கடையை மூடிவிட்டு வந்து, பொரித்த கோழியும் கொண்டுவந்து அலுவலகம் முழுக்கக் கொடுத்திருக்கிறான். இது அவருடைய கடைசி மேடை, அதிலாவது அந்தக் குப்பைப் பாட்டை அவர் தலையில் கட்டாதீர்கள், அவர் மனைவிக்கு எழுதிய பாட்டைப் பாடவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். மேலதிகாரிகள் முடியாது என்றார்களாம். இவன் அழுதிருக்கிறான். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். விளக்குமாற்றுப் பாட்டை ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புதிய இசையோடு தொடக்கத்தில் பாடுவார்கள். அவருக்கு விடுதலை.

"இல்லம்மா," என்றார் மான்சோக். குரல் சரளைக்கல்லை இழுப்பதுபோல வந்தது. "பரவாயில்ல. விளக்குமாத்துப் பாட்டே பாடுறேன்."

சேரின் மறுபடியும் வணங்கினாள். பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தருவதை முதலில் மறுப்பார்கள், இரண்டாம் முறையும் மறுப்பார்கள், மூன்றாம் முறை வாங்கிக்கொள்வார்கள். அது மரியாதை.

"எங்களுக்காகப் பாக்காதீங்கய்யா. நாங்க எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"நிஜமாத்தான் சொல்றேன். அதையே பாடுறேன்."

"அண்ணே, போதும்," என்றான் சாங்குக். அவன் கண் கலங்கிவிட்டது. "நாப்பது வருஷம் இந்த ஊர் ஒலகத்துக்காக விட்டுக்கொடுத்தாச்சு. இன்னிக்காவது ஒங்களுக்குப் புடிச்சதப் பாடுங்க. அண்ணிக்காகப் பாடுங்க."

மூன்றாவது முறையும் மறுத்தால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும். வாகன நிறுத்தத்தில், இறால் வாடையில், கழுத்தில் அட்டை போட்ட ஒரு பெண்ணிடம். மான்சோக் வாயை மூடிக்கொண்டார். சேரின் நிம்மதியாக நோட்டுப் பலகையில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினாள்.

சாங்குக் கிட்டாரைச் சுருதி சேர்க்க உட்கார்ந்தான். மான்சோக் மேடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் ஒரு குண்டு ஆள் கணவாய்க் கருவாட்டை மென்றுகொண்டிருந்தான். மான்சோக் பென் டிரைவை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"நான் கைய இப்படித் தூக்கினா இதப் போடு."

"பட்டியல்ல கிட்டார் மட்டும்னு இருக்கே பெரியவரே."

"மேடையில நான்தான் நிக்கப்போறேன். பட்டியல் இல்ல."

அவன் கருவாட்டை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு யோசித்தான். எனக்கென்ன, திட்டு வந்தால் உங்கள் பெயரைச் சொல்வேன் என்றான். மானிட்டரை நன்றாகக் கூட்டிவை என்றார் மான்சோக். குறிப்பாக இரண்டாம் சரணத்தில். சரி என்று கட்டைவிரலைக் காட்டினான்.

*

பிள்ளைகள் மஞ்சள் சட்டையில் வந்து பாடினார்கள். புதிய இசை, துள்ளலாக இருந்தது. கையில் காகித விளக்குமாறு. கூட்டம் கைதட்டியது. மாவட்டத் தலைவர் பேசினார். இறாலைப் பற்றிப் பேசினார், பிறகு மறுபடியும் இறாலைப் பற்றிப் பேசினார். ட்ராட் என்ற ஜனரஞ்சகப் பாட்டுப் பாடும் ஒருத்தி மினுக்கும் உடையில் வந்து எல்லாரையும் எழுந்து ஆடவைத்துவிட்டுப் போனாள்.

பளபளக்கும் கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் மான்சோக்கின் பெயரைச் சொன்னார். செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொல்லிவிட்டார். அதுவும் சாங்குக்கின் வேலையாகத்தான் இருக்கும். கூட்டத்தில் ஒரு நீண்ட ஐயோ எழுந்தது. முதல் வரிசைப் பெண்கள் வெயில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மான்சோக் மைக்கின் முன் நின்றார். சாங்குக் ஸ்டூலில் உட்கார்ந்து 'ஜன்னலைத் திறக்காதே'யின் முதல் சுரங்களை மீட்டினான். நன்றாகத்தான் வாசித்தான். கோழி பொரிக்கும் கை என்று சொல்ல முடியாது. மான்சோக் திரும்பி அவன் தோளில் கை வைத்தார்.

"கிட்டார வச்சிடுடா," என்றார்.

பிறகு வலது கையைத் தூக்கினார்.

நாற்பது வருஷத்துப் பழைய எக்காளம் ஸ்பீக்கர்களிலிருந்து வெடித்தது. கூட்டம் ஒரு கணம் திகைத்துப் பிறகு ஆரவாரித்தது. கம்பெனி வாசிப்பாளர்கள் சம்பளத்துக்கு வாசித்த அந்த மெட்டு, குப்பை வண்டியின் மெட்டு. சாங்குக் வாயைத் திறந்தபடி பார்த்தான். பிறகு அவனுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தான். கடைசி மேடையில்கூட அண்ணன் தன் பாட்டை விட்டுவிட்டு மக்கள் கேட்டதைக் கொடுக்கிறார். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மான்சோக் பாடினார். குரல் பாதி மூச்சாக வந்தது. ஆனால் வந்தது. முதல் சரணத்தை மெதுவாக, மேலே போகாமல், செலவு பார்த்துப் பாடினார். மேலே போகும் இடங்களில் பேசினார். ஜனங்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். இடையிசை வந்தது. காலடியில் மானிட்டர் தெளிவாக இருந்தது. குண்டு ஆள் சொன்னபடி கூட்டியிருந்தான்.

இரண்டாம் சரணம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, பகிர்ந்தால் வளரும் நம் நாடு. அதன் கடைசி வார்த்தைக்கு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றார். தொண்டையில் ஏதோ துணி கிழிவதுபோல இருந்தது, அவ்வளவுதான். காற்றுகூட வரவில்லை.

மைக்கைக் கீழே இறக்கினார். பரவாயில்லை, கேட்கவாவது செய்யலாம் என்று நினைத்தார்.

அறிவிப்பாளர் அனுபவசாலி. இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே அவரைக் கூப்பிடுவார்கள். பாடகர் மைக்கை இறக்கியதைப் பார்த்ததும் ஓரத்திலிருந்து ஓடிவந்தார். எல்லாரும் சேர்ந்து பாடுங்கள், நம் ஐயாவுக்காகப் பாடுங்கள் என்று கத்தினார். மஞ்சள் சட்டைப் பிள்ளைகளை மேடையில் ஏற்றினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். இந்தப் பாட்டு தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. மொத்தத் துறைமுகமும் பாடியது.

நம் தெரு, நம் தெரு.

மான்சோக் கையை உயர்த்தினார், உள்ளங்கையைக் கூட்டத்துக்குக் காட்டி. நிறுத்துங்கள். அவர் தாளம் காட்டுகிறார் என்று நினைத்தார்கள். இன்னும் சத்தமாகப் பாடினார்கள். இரண்டு கையையும் அசைத்தார். அவர்களும் இரண்டு கையையும் தூக்கி அசைத்தார்கள். மீன் கடைகளில் நின்றவர்கள்கூட இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அசைத்தார்கள்.

இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. அவள் இன்னும் இரண்டு முறை வருவாள். மான்சோக் மண்டியிட்டார். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, குனிந்து, காதை மானிட்டரின் கம்பிவலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நெற்றி மேடைப் பலகையில் பட்டது.

கூட்டம் அதைப் பார்த்தது. ஒரு கணம் பாட்டுகூடத் தடுமாறியது. நாற்பது வருஷம் பாடிய மனிதர், நோயோடு வந்து, நெற்றி தரையில் பட ரசிகர்களுக்குப் பெரிய வணக்கம் செய்கிறார். அப்பா அம்மாவுக்கும் செத்துப்போன முன்னோர்களுக்கும் செய்கிற வணக்கம். பெண்கள் அழுதார்கள். வயதானவர்கள் சிலர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டுத் திருப்பி வணங்கினார்கள். கைதட்டலும் விசிலும் பாட்டும் ஒன்றாகி மேடைப் பலகை அதிர்ந்தது. அந்த அதிர்வுதான் அவர் காதுக்குள் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

அவர் எழவில்லை. பாட்டு முடியும் இடத்தில் அந்த மூச்சு இழுப்பு வரும். அதற்காக அப்படியே கிடந்தார். பாட்டு முடிந்ததா என்றே தெரியவில்லை. கைதட்டல் நிற்கவில்லை. சாங்குக் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது, அறிவிப்பாளர் ஃப்ரிட்ஜின் பக்கத்தில் போய் நின்று, சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொள்ளும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

*

சேரின் ஒரு பெட்டி இறாலும் பென் டிரைவும் கொண்டுவந்து வண்டியில் கொடுத்தாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது. இரண்டு முறை அந்தப் பாட்டையே பாடுகிறேன் என்று சொன்னீர்கள், எனக்குத்தான் புரியவில்லை என்றாள். மான்சோக் தலையசைத்தார். பதில் சொல்லப் பார்த்தார். குரல் முழுக்கப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கவில்லை.

கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பினார்கள். வெயில் சாய்ந்து சேற்றுப்பரப்பின் மேல் கிடந்தது. சாங்குக் பேசிக்கொண்டே ஓட்டினான். அந்த வணக்கத்தைப் பற்றி, அழுத பெண்களைப் பற்றி, யாரோ கைபேசியில் எடுத்ததை இதற்குள் ஊரெல்லாம் பார்த்திருப்பார்கள் என்பதைப் பற்றி. அன்றைக்கு நாற்காலியை உதைத்துவிட்டுப் போனது தன் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம் என்றான். அந்தப் பாட்டுக்கு ஒரு நாளும் கிட்டார் தொட்டதில்லை, ஒழுங்காகக் கேட்டதுகூட இல்லை என்றான்.

"இன்னிக்குத்தான் அண்ணே புரிஞ்சுது. ஜனங்க பாட்டு அது."

பென் டிரைவை எடுத்து வண்டியின் ஸ்டீரியோவில் செருகினான். எக்காளம் வந்தது. மான்சோக் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிறிய ஸ்பீக்கர், ஆனால் வண்டிக்குள் கூட்டம் இல்லை.

சாங்குக் பாட ஆரம்பித்தான். ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு, முழுக் குரலில். விடியும் தெருவில் வா வா தோழா. வார்த்தைகள் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தன.

மான்சோக் அவன் கையைத் தொட்டு, விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினார்.

"தெரியும் அண்ணே. நீங்க பேசக் கூடாது. நான் ஒங்களுக்கும் சேத்துப் பாடுறேன்."

இரண்டாம் சரணத்திலும் பாடினான். 'நம் தெரு'வையும் விடவில்லை. அவனுடைய சத்தத்துக்கு அடியில், அரைத் தட்டு பிந்தி, இன்னொரு குரல் இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டும் தெரியும் அளவுக்கு. கடைசித் தடவை வந்தபோது சாங்குக்கே அதைக் கவனித்துச் சிரித்துவிட்டான்.

"யாருண்ணே இவ? கம்பெனிக்காரன் எங்கேர்ந்து புடிச்சான்? தாளமே இல்ல. பஸ்ஸுல நின்னு ஸ்டாப்பிங் பேரு கூப்பிடுற மாதிரி கூப்பிடுறா."

அவன் சிரிப்பில் அந்த மூச்சு இழுப்பு போய்விட்டது.

மான்சோக் கைபேசியை எடுத்தார். இன்சுன் என்று தட்டினார். திரையைத் திருப்பிக் காட்டினால் போதும். சாங்குக்கைப் பார்த்தார். கன்னத்தில் உப்புக் கோடு காய்ந்திருந்தது. பல வருஷங்களில் அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லை. ஒரு வாரம் அலைந்து அவன் செய்த காரியம், இப்போது சிரித்த சிரிப்பு, தெரிந்தால் இரண்டையும் அவன் சாகும்வரை சுமப்பான். அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார்.

பாட்டு முடிந்து வண்டிக்குள் டயர் சத்தம் மட்டும் இருந்தது. அவர் கையை நீட்டி மறுபடி முதலிலிருந்து போட்டார்.

"இன்னொரு தடவயா?" என்றான் சாங்குக். "சரி அண்ணே."

எக்காளம் வந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானான்.